கேமரா வருவதற்கு முன்பே ‘ஷோ’ காட்டிய கல்லறை: துட்டன்காமனைக் கண்டெடுத்த ஹோவர்ட் கார்ட்டர் யார்?

இருட்டான சுரங்கம். தலையில் டார்ச் கட்டிய தொகுப்பாளர். பின்னணியில் திக் திக் இசை. பல டன் எடையுள்ள கல் மூடி மெல்ல நகர்கிறது. உள்ளே என்ன இருக்கிறது? அதற்குள் விளம்பர இடைவேளை!

எகிப்து அகழாய்வு என்றாலே பலருக்கும் ஞாபகம் வருவது இந்தக் காட்சிதான். 2002 செப்டம்பரில் நேஷனல் ஜியோகிராபிக் சேனல், கிசா பெரிய பிரமிடுக்குள் ஒரு குட்டி ரோபோவை அனுப்பி, அதை உலகம் முழுக்க நேரலையில் காட்டியது. ரோபோ கல்லில் துளை போட்டு கேமராவை நுழைத்தது. உள்ளே தெரிந்தது என்ன? இன்னொரு கல்! 2010-ல் ஹிஸ்டரி சேனல், எகிப்து தொல்லியல் துறையின் அப்போதைய தலைவர் ஜாஹி ஹவாஸை நாயகனாக வைத்து ‘சேஸிங் மம்மீஸ்’ என்ற ரியாலிட்டி ஷோவையே நடத்தியது. 2019-ல் டிஸ்கவரி சேனல், சுமார் 2,500 ஆண்டுகள் பழைய சவப்பெட்டி ஒன்றை நேரலையில் திறந்து காட்டியது.

இந்த எல்லா நிகழ்ச்சிகளுக்கும் ஒரே ‘டெம்ப்ளேட்’தான். துணிச்சலான ஒரு நாயகன், மூடிய ஒரு கதவு, அது திறக்கும் அந்த ஒரு நொடி. டிவி என்பதே இல்லாத காலத்தில் இந்த டெம்ப்ளேட் உருவாகக் காரணமாக இருந்தவர் ஹோவர்ட் கார்ட்டர். ஆனால், அவருடைய நிஜ வாழ்க்கை அந்த டெம்ப்ளேட்டுக்குள் அடங்கவே அடங்காது.

பள்ளிப் படிப்பு சொற்பம், கையில் பிரஷ்

1874 மே 9 அன்று லண்டனில் பிறந்தார் கார்ட்டர். அப்பா சாமுவேல் ஜான் கார்ட்டர், விலங்குகளை வரைவதில் பெயர் பெற்ற ஓவியர். சிறு வயதில் உடம்பு சரியில்லாத பிள்ளை என்பதால், நார்ஃபோக் பகுதியில் உள்ள ஸ்வாஃபம் என்ற சிற்றூரில் அத்தைகளிடம் வளர்ந்தார். முறையான படிப்பு ரொம்பக் குறைவு. பல்கலைக்கழகப் பக்கமே போகவில்லை. அப்பா சொல்லிக் கொடுத்த ஓவியம் மட்டும்தான் கையில் இருந்த தொழில்.

அந்த ஊருக்குப் பக்கத்தில் ஆம்ஹெர்ஸ்ட் குடும்பம் என்ற பணக்காரக் குடும்பம் இருந்தது. அவர்களுடைய மாளிகையில் எகிப்தியப் பழம்பொருட்கள் குவிந்து கிடந்தன. அங்கே போய்வந்த பையனுக்கு எகிப்து மேல் ஆசை வந்தது. அந்தக் குடும்பத்தின் சிபாரிசு, 1891-ல் 17 வயதுப் பையனை எகிப்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

பெனி ஹசன் என்ற இடத்தில் கல்லறைச் சுவர்களில் இருந்த ஓவியங்களைப் பார்த்து அப்படியே வரைந்து எடுப்பதுதான் முதல் வேலை. அடுத்த ஆண்டு அமர்னாவில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். உடைந்த பானை ஓட்டைக்கூடக் குறித்து வைக்க வேண்டும் என்று அகழாய்வுக்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தவர் பெட்ரி. கார்ட்டருக்கு ‘காலேஜ்’ என்று ஒன்று இருந்தது என்றால் அது அவரிடம் மண் சலித்த நாட்கள்தான். பிறகு சில ஆண்டுகள், அரசி ஹட்ஷெப்சுட் கட்டிய டெய்ர் எல் பஹ்ரி கோயிலின் சிற்பங்களை வரைந்து பதிவு செய்தார்.

அப்போது எகிப்தின் தொல்பொருள் துறையை நடத்தியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். துறையின் தலைவர் காஸ்டன் மாஸ்பெரோ, 25 வயதுகூட நிரம்பிய கையோடு இருந்த கார்ட்டரை எகிப்தின் தென்பகுதிக்குத் தலைமை ஆய்வாளராக நியமித்தார். அரசர்களின் பள்ளத்தாக்கில் இருந்த கல்லறைகளுக்கு மின்விளக்கு போட்டது கார்ட்டரின் காலத்தில்தான்.

முதல் ‘லைவ்’ சொதப்பல்

டெய்ர் எல் பஹ்ரி பக்கம் ஒருநாள் கார்ட்டரின் குதிரை கால் இடறியது. அந்தக் குழியைத் தோண்டிப் பார்த்தால் கீழே நீளமான சுரங்கப் பாதை. உள்ளே மூடிய வாசல். உடையாத கல்லறை என்றே நம்பிவிட்டார் கார்ட்டர்.

எகிப்தில் பிரிட்டிஷ் ஆதிக்கத்தின் முகமாக இருந்த குரோமர் பிரபு உள்படப் பிரமுகர்களை வரவழைத்து, எல்லோர் முன்னிலையிலும் கடைசி அறை திறக்கப்பட்டது. உள்ளே சில பானைகளும் மரத்தால் செய்த சில படகு பொம்மைகளும்தான் இருந்தன. துணி சுற்றிய நிலையில் அந்தச் சுரங்கத்தில் கிடைத்த மன்னர் மென்டுஹோடெப்பின் சிலை இன்று கெய்ரோ அருங்காட்சியகத்தின் பொக்கிஷம். ஆனால், தங்கத்தை எதிர்பார்த்து வந்த விருந்தினர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. கார்ட்டருக்குச் செம அவமானம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஊரைக் கூட்டக் கூடாது. இந்தப் பாடத்தைக் கார்ட்டர் மறக்கவே இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து அது வேறு ஒரு ரூபத்தில் வெளிப்பட்டது.

‘சாரி’ சொல்ல மறுத்தவர்

1905 ஜனவரி. சக்காரா கல்லறைப் பகுதிக்குக் குடித்துவிட்டு வந்த பிரெஞ்சு சுற்றுலாப் பயணிகள், அங்கே காவலுக்கு இருந்த எகிப்தியர்களோடு தகராறு செய்தார்கள். அடிதடி ஆனது. தற்காப்புக்காகத் திருப்பி அடிக்கலாம் என்று காவலர்களின் பக்கம் நின்றார் கார்ட்டர்.

காலனி ஆட்சிக் காலத்தில் ‘உள்ளூர் ஆட்கள்’ ஐரோப்பியர் மேல் கை வைப்பது பெரிய குற்றம். விஷயம் தூதரகம் வரை போனது. ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தால் போதும், பிரச்சினை முடிந்துவிடும் என்று மேலதிகாரிகள் சொல்லிப் பார்த்தார்கள். கார்ட்டர் அசையவில்லை. தண்டனையாக டாண்டா என்ற ஊருக்கு மாற்றினார்கள். சில மாதங்களில் வேலையையே விட்டுவிட்டார்.

அடுத்த சில ஆண்டுகள் பெரும் கஷ்டம். சுற்றுலாப் பயணிகளுக்கு வாட்டர் கலர் ஓவியம் வரைந்து விற்றார். வழிகாட்டியாகப் போனார். பழம்பொருள் வாங்கி விற்கும் தரகு வேலையும் பார்த்தார். இந்த நிலையில்தான் மாஸ்பெரோ அவரைக் கார்னர்வான் பிரபுவிடம் சேர்த்துவிட்டார். கார் விபத்துக்குப் பிறகு உடல் தேற எகிப்துக்கு வந்துபோன இந்த பிரிட்டிஷ் பிரபுவுக்குப் பொழுதுபோக்காகத் தோண்ட ஆசை. அவரிடம் பணம் இருந்தது, இவரிடம் அனுபவம் இருந்தது.

ஒரே ஒரு சீசன் கொடுங்கள்

அரசர்களின் பள்ளத்தாக்கில் தோண்டும் உரிமை அதுவரை அமெரிக்கப் பணக்காரர் தியோடர் டேவிஸிடம் இருந்தது. இனி அங்கே எதுவும் மிச்சம் இல்லை என்ற முடிவுக்கு வந்து அவர் விலகினார். 1914-ல் உரிமை கார்னர்வானுக்குக் கிடைத்தது. முதல் உலகப் போர் குறுக்கிட்டதால் 1917-ல்தான் வேலை சூடு பிடித்தது.

துட்டன்காமன் என்ற இளம் மன்னரின் பெயர் பொறித்த சில சில்லறைப் பொருட்கள் அந்தப் பள்ளத்தாக்கில் ஏற்கெனவே கிடைத்திருந்தன. கல்லறை மட்டும் கிடைக்கவில்லை. அது அங்கேதான் எங்கோ இருக்கிறது என்பது கார்ட்டரின் கணக்கு. பருவத்துக்குப் பருவம் டன் கணக்கில் கல்லையும் மண்ணையும் அகற்றினார்கள். உருப்படியாக ஒன்றும் சிக்கவில்லை.

1922 கோடையில் கார்னர்வான் கையை விரித்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு பருவம் தோண்டலாம், செலவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கார்ட்டர் மன்றாட, பிரபு மனம் இறங்கித் தானே பணம் தருவதாக ஒப்புக்கொண்டார்.

ஆறாம் ராம்சேஸ் கல்லறை வாசலுக்குக் கீழே, பழங்காலக் கூலியாட்கள் தங்கிய குடிசைகளின் அடித்தளம் இருந்தது. தோண்டினால் சுற்றுலாப் பயணிகளுக்கு வழி அடைபடும் என்பதால் அந்த இடத்தை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். 1922 நவம்பர் 4 அன்று அங்கேதான் பாறையில் வெட்டிய முதல் படிக்கட்டு தட்டுப்பட்டது. மறுநாள் சாயங்காலம் முத்திரை வைத்த கதவு தெரிந்தது.

இந்த இடத்தில் டிவி நாயகன் என்ன செய்வார்? கதவை உடைப்பார். கார்ட்டர் செய்ததோ நேர் எதிர். படிக்கட்டை மறுபடி மண் போட்டு மூடினார். இங்கிலாந்தில் இருந்த கார்னர்வானுக்குத் தந்தி அடித்துவிட்டு இரண்டரை வாரத்துக்கு மேல் காத்திருந்தார். பிரபுவும் மகள் ஈவ்லினும் வந்த பிறகு, நவம்பர் 26 அன்று உள்கதவில் சிறு துளை போட்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தார். தங்கக் கட்டில்கள், கழற்றிய தேர்கள், பெட்டிகள், சிலைகள் என்று கூரை வரை குவிந்து கிடந்தன.

திறப்பு விழாவுக்கு முன்பே திறந்த அறை

1923 பிப்ரவரி 16. மன்னரின் உடல் இருக்கும் உள்ளறையைத் திறக்கும் நாள். நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டு, அதிகாரிகளும் அறிஞர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கார்ட்டர் ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து எடுத்தார். தங்கச் சுவர் மாதிரி ஒன்று பளபளத்தது. அது சவப்பெட்டியை மூடி நின்ற தங்கத் தகடு போர்த்திய மரக்கூடு. எல்லோரும் வாயடைத்துப் போனார்கள்.

விஷயம் என்னவென்றால், கார்ட்டருக்கு அது முதல் தடவை இல்லை! நவம்பர் மாதக் கடைசியிலேயே கார்ட்டர், கார்னர்வான், ஈவ்லின், உதவியாளர் காலண்டர் ஆகியோர் அந்தச் சுவரின் அடியில் ஒரு துளை வழியாக உள்ளே போய் வந்துவிட்டார்கள். பிறகு ஒரு கூடை மூடியையும் நாணல்களையும் வைத்துத் துளையை மறைத்தார்கள். அந்தக் காலப் புகைப்படத்தில் சுவர் ஓரம் அந்தக் கூடை இன்றும் தெரிகிறது. குழுவில் இருந்த வேதியியலாளர் ஆல்ஃபிரட் லூகாஸ், கார்ட்டர் இறந்த பிறகு இதை எழுதி வைத்தார்.

அதாவது, உலகமே வியந்த அந்தத் திறப்பு ஓரளவுக்கு ஒரு ‘ரீடேக்’. குதிரை இடறிய குழியில் பட்ட அவமானம் மறுபடி வரக் கூடாது என்ற பயம் இதில் இருந்திருக்கலாம். ஆனால் நேர்மை என்று பார்த்தால், இது கார்ட்டரின் கணக்கில் விழுந்த கரும்புள்ளிதான்.

எக்ஸ்க்ளூசிவ் உரிமையும் சாபமும்

இன்று கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமையை ஏலம் விடுவது மாதிரி, கல்லறைச் செய்திகளுக்கும் ஒரு டீல் நடந்தது. 1923 ஜனவரியில் கார்னர்வான், லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையுடன் ஒப்பந்தம் போட்டார். 5,000 பவுண்டு ரொக்கம். செய்தியை மற்ற பத்திரிகைகளுக்கு விற்கும் லாபத்தில் 75 சதவீதம் தனி.

அகழாய்வுச் செலவைச் சமாளிக்க இது உதவியது. ஆனால், எகிப்து மன்னரின் கல்லறையைப் பற்றி எகிப்துப் பத்திரிகைகளே லண்டன் பத்திரிகையை எதிர்பார்க்க வேண்டிய நிலை வந்தது. 1922 பிப்ரவரியில்தான் எகிப்துக்குப் பெயரளவில் சுதந்திரம் கிடைத்திருந்தது. மக்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

செய்தி கிடைக்காத மற்ற நிருபர்கள், லக்சர் ஓட்டல்களில் உட்கார்ந்துகொண்டு வேறு கதை தேடினார்கள். 1923 ஏப்ரல் 5 அன்று கார்னர்வான் கெய்ரோவில் இறந்ததும் அந்தக் கதை கிடைத்துவிட்டது. கொசு கடித்த இடத்தை ஷேவ் செய்யும்போது கீறிக்கொண்டார், அது சீழ்பிடித்து ரத்தத்தில் நச்சு ஏறியது, நிமோனியாவும் சேர்ந்தது. மருத்துவக் காரணம் இதுதான். பத்திரிகைகள் எழுதியதோ, ‘மம்மியின் சாபம்’!

2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு ஒன்று, கல்லறைத் திறப்புகளின்போது உடனிருந்த 25 பேரின் ஆயுளைக் கணக்கிட்டுப் பார்த்தது. சாபத்துக்கான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. முதலில் உள்ளே போனவர்களில் ஒருவரான ஈவ்லின் 1980 வரை வாழ்ந்தார். ஆனாலும் இன்றுவரை சாபம் இல்லாமல் ஒரு மம்மி நிகழ்ச்சிகூட ஓடுவதில்லை.

கேமரா காட்டாத பத்து ஆண்டுகள்

கதவைத் திறக்க ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவர எத்தனை நாள் ஆனது தெரியுமா? 10 ஆண்டுகள்.

மொத்தம் 5,398 பொருட்கள். ஒன்றைக்கூட அப்படியே தூக்கிவிட முடியாது. முதலில் எண் அட்டை வைக்க வேண்டும். இருந்த இடத்திலேயே புகைப்படம் எடுக்க வேண்டும். பிறகு வரைபடத்தில் குறித்து, அளந்து, கார்டில் எழுத வேண்டும். அப்புறம்தான் கை வைக்கலாம். புகைப்படக்காரர் ஹாரி பர்ட்டன் சுமார் 1,400 கண்ணாடித் தகடுகளில் படம் எடுத்தார். பக்கத்தில் இருந்த ஒரு கல்லறை அவருக்கு இருட்டறை ஆனது. இரண்டாம் சேத்தியின் கல்லறை ஆய்வுக்கூடம் ஆனது.

ஓர் உதாரணம். மணி கோத்த செருப்பு ஒன்று பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தது. ஆனால் மணிகளைக் கோத்த நூல் 3,000 ஆண்டுகளுக்கு மேல் கிடந்து மக்கிப் போயிருந்தது. தொட்டால் கையில் வெறும் மணிகள்தான் மிஞ்சும். எனவே பாரஃபின் மெழுகை உருக்கி ஊற்றி, அது இறுகும் வரை ஓரிரு மணி நேரம் காத்திருந்து எடுத்தார்கள். ஒரு செருப்புக்கே இந்தப் பாடு!

கார்ட்டர் ஈடு இணையில்லாத ஆளாக நிற்பது இந்த இடத்தில்தான். முன்கோபி, பிடிவாதக்காரர், யாரோடும் ஒத்துப்போகாதவர் என்று பெயர் எடுத்தவருக்கு, பொருட்களிடம் மட்டும் அளவில்லாத பொறுமை இருந்தது. தங்க வேட்டைக்காரர் கையில் இந்தக் கல்லறை சிக்கியிருந்தால் சில வாரங்களில் காலியாகியிருக்கும். எது எதன் மேல் இருந்தது, எந்தப் பெட்டிக்குள் எது இருந்தது என்ற தகவல் எல்லாம் மண்ணோடு போயிருக்கும்.

பூட்டுப் போட்ட ஸ்ட்ரைக்

1924 ஜனவரியில் சாத் ஜக்லூல் தலைமையில் தேசியவாத அரசு பொறுப்பேற்றது. கல்லறைக்கு யார் வரலாம் என்பதைத் தாங்கள்தான் முடிவு செய்வோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பிப்ரவரி 12 அன்று கல் சவப்பெட்டியின் மூடி தூக்கப்பட்டது. மறுநாள் குழுவினரின் மனைவியர் உள்ளே வர அனுமதி மறுக்கப்பட்டது. ஆத்திரப்பட்ட கார்ட்டர், மூடியைக் கயிற்றில் தொங்கவிட்டபடியே கல்லறையைப் பூட்டிச் சாவியோடு போய்விட்டார்.

அரசு உரிமத்தை ரத்து செய்தது. பூட்டை உடைத்து உள்ளே போனது. அப்போது நடந்த சோதனையில், பக்கத்துக் கல்லறையில் ஒரு மதுபானப் பெட்டிக்குள் தாமரையிலிருந்து எழும் துட்டன்காமனின் அழகான மரத் தலைச்சிற்பம் கிடைத்தது. எந்தப் பட்டியலிலும் அது இல்லை. கார்ட்டர் தரப்பு விளக்கம் கொடுத்தது. சந்தேகம் மட்டும் தீரவே இல்லை.

ஆட்சி மாறிய பிறகு 1925-ல் கார்ட்டர் திரும்பி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. கிடைத்த பொருட்களில் கார்னர்வான் குடும்பத்துக்குப் பங்கு கிடையாது. வெளிநாட்டார் தோண்டினால் பாதியை எடுத்துப் போகலாம் என்ற பழைய வழக்கம் இந்தக் கல்லறைக்குச் செல்லுபடியாகவில்லை. துட்டன்காமனின் பொருட்கள் எகிப்திலேயே தங்கியதற்குக் காரணம் இதுதான்.

மம்மிக்கு நேர்ந்த கதி

1925-ல் மூன்று அடுக்குச் சவப்பெட்டிகளும் திறக்கப்பட்டன. கடைசிப் பெட்டி சுமார் 110 கிலோ சொக்கத் தங்கம். முகத்தில் உலகப் புகழ் பெற்ற அந்தத் தங்க முகமூடி. அடக்கத்தின்போது ஊற்றிய பிசின் இறுகி, உடல் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முகமூடியிலிருந்து தலையை எடுக்கச் சூடு ஏற்றிய கத்திகளைப் பயன்படுத்தினார்கள். உடலைத் துண்டு துண்டாக்கித்தான் வெளியே எடுத்தார்கள். பிறகு மணல் தட்டில் முழு உடல் போல அடுக்கிவைத்தார்கள். 1968-ல் லிவர்பூல் பல்கலைக்கழகக் குழு எக்ஸ்ரே எடுத்த பிறகே சேதத்தின் முழு அளவு வெளியே தெரிந்தது. செருப்புக்கு மெழுகு ஊற்றிக் காத்திருந்த அதே குழு, மன்னரின் உடலுக்கு அந்தப் பொறுமையைக் காட்டவில்லை.

படத்தில் இருப்பவர்கள் யார்?

பர்ட்டனின் புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூடை சுமப்பவர்கள், கயிறு இழுப்பவர்கள், பெட்டிக்கு முட்டுக்கொடுப்பவர்கள் எல்லோரும் எகிப்தியர்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. பெரும்பாலானோரின் பெயர் எங்குமே எழுதப்படவில்லை.

மேஸ்திரிகளான அகமது ஜெரிகர், காட் ஹசன், உசேன் அபு அவாத், உசேன் அகமது சயீத் ஆகிய நால்வருக்கு மட்டும் கார்ட்டர் தன் புத்தகத்தில் நன்றி சொன்னார். ஆனால் எந்தப் படத்தில் இருப்பவர் எவர் என்று இன்று உறுதியாக அடையாளம் காட்ட முடியவில்லை. 2022-ல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சி இந்தக் குறையை வெளிப்படையாகப் பேசியது. டிவி நிகழ்ச்சிகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். மண்ணைத் தோண்டுபவர் பின்னணியில், பேசுபவர் முன்னணியில்.

கடைசி நாட்கள்

1932-ல் கடைசிப் பொருட்கள் கெய்ரோவுக்குப் போய்ச் சேர்ந்தன. பொதுவாசகர்களுக்காக மூன்று தொகுதிகள் எழுதிய கார்ட்டர், முழுமையான அறிவியல் அறிக்கையைக் கடைசிவரை எழுதி முடிக்கவில்லை. பிரிட்டன் அவருக்கு சர் பட்டமோ வேறு விருதோ கொடுக்கவில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை. 1939 மார்ச் 2 அன்று லண்டனில் 64 வயதில் புற்றுநோயால் இறந்தார். இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் மிகச் சிலரே.

இறந்த பிறகு அவரிடம் இருந்த சேகரிப்பில் துட்டன்காமன் கல்லறைப் பொருட்கள் சில இருந்தது தெரியவந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகமும், தன்னிடம் வந்து சேர்ந்திருந்த 19 சிறு பொருட்கள் அந்தக் கல்லறையைச் சேர்ந்தவைதான் என்று ஏற்று, அவற்றை எகிப்துக்கே திருப்பித் தருவதாக 2010-ல் அறிவித்தது.

காவலர்களுக்காக வேலையை இழந்தவர், பட்டியலில் இல்லாத பொருட்களையும் வைத்திருந்தார். திறப்பு விழாவில் நாடகம் போட்டவர், பத்து ஆண்டுகள் ஒரு மணிகூடச் சிதறாமல் பதிவு செய்தார். ரெண்டுமே கார்ட்டர்தான்.

அவர் விட்டுச் சென்றதில் எது பெரியது? தங்கத்தை அவர் கண்டுபிடிக்காவிட்டால் இன்னொருவர் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் அந்த கார்டுகளும் வரைபடங்களும் நாட்குறிப்புகளும் அவரால் மட்டுமே உண்டானவை. அண்ணன் மகளோ அக்கா மகளோ என்று உறவில் நெருங்கிய ஃபிலிஸ் வாக்கர் அவற்றை ஆக்ஸ்ஃபோர்டின் கிரிஃபித் நிறுவனத்துக்குக் கொடுத்தார். அவை இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கெய்ரோ பக்கத்தில் 2025 நவம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட பிரம்மாண்ட எகிப்திய அருங்காட்சியகத்தில் துட்டன்காமனின் பொருட்களை ஒன்றாகச் சேர்த்து வைக்க முடிந்ததற்கும், எது எங்கே இருந்தது என்று சொல்லும் அந்த கார்டுகள்தான் அடிப்படை.

அடுத்த முறை ஓடிடி-யில் ஒரு மம்மி நிகழ்ச்சி ஓடும்போது, கல் மூடி திறக்கும் காட்சியை ரசியுங்கள், தப்பில்லை. கூடவே, மூடி திறந்த பிறகு யார் எண் அட்டை வைக்கிறார்கள், யார் குறிப்பு எடுக்கிறார்கள், கயிறு பிடிப்பவரின் பெயரைச் சொல்கிறார்களா என்றும் கவனியுங்கள். நிஜமான தொல்லியல் ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான்.